காய்ந்த நெல்லைக் காயவைத்த இயந்திரம்

அமிர்தம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். 1973 ஐப்பசியில், நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நவீன அரிசி ஆலையின் வாசலில், கொட்டுகிற மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்று கேட்டாள். மேலாளரிடம் பதில் இல்லை. கடல் தாண்டி வந்த இன்ஜினீயரிடமும் இல்லை. அந்த ஆலையில் டைப்பிஸ்டாக இருந்த எனக்குப் பதில் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அவளும் ஒரே தெரு. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்கள் குடியிருந்த தெரு அது. அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறி அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். தன் பெயரில் குத்தகைப் பதிவு வாங்கிய முதல் பெண்பிள்ளை அவள். எனக்கு மாலை போட்டார்கள். அவள் தாலுகா ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தாள். புருஷன் காத்தான் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவன் பயிர் வைத்திருந்த மூணு மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், யாருக்கு என்ற பேச்சு வந்தது. நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். அவருக்காக இங்கே குத்தகை நெல் பிரித்த காரியஸ்தர் இளையபெருமாள், "பொம்பள எங்கம்மா உழப்போற?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க மொதலாளி மட்டும் உழுதாரா? அவரு பேர்ல பட்டா இல்லியா?" என்றாளாம் அமிர்தம்.

வாய் அப்படி. அந்த வாயால்தான் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. அதே வாயால்தான் பாதி ஊருக்கு அவளைப் பிடிக்காது.

அந்தக் காலத்தை இப்போது உள்ளவர்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. புது ஆட்சி வந்து குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் பல ஊரில் நிலத்துக்காரர்கள் முந்திக்கொண்டு ஆட்களை வெளியே தள்ளினார்கள். கூலித் தகராறு, கொடி, போலீஸ் வேன் என்று ஒவ்வொரு அறுப்பும் சண்டையோடுதான் முடிந்தது. தப்பிப் பிழைத்துப் பெயர் ஏறியவர்களுக்கும் நிம்மதி இல்லை. குத்தகை நெல் பாக்கி விழுந்தால் வழக்குப் போடலாம், வழக்கில் தோற்றால் நிலம் போச்சு. அமிர்தம் அளக்க வேண்டிய நெல்லைக் காய்ந்த நெல்லாக, கார்த்திகை முதல் தேதிக்குள் அளந்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இளையபெருமாள் வக்கீல் வீட்டில் இருப்பார். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன்.

குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வருவது எங்கள் பக்கத்துத் தலைவிதி. அறுத்த நெல்லைக் காயப்போட வெயில் இருக்காது. புதிதாக வந்த குட்டை ரகங்களோ ஈரம் பட்டால் களத்திலேயே முளைவிட்டுவிடும். ஈர நெல்லை உலர்த்த ஒரு பெரிய இயந்திரம் வேண்டும் என்று அரசாங்கம் யோசித்தது. நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஒரு வெளிநாடு தருவதாக முன்வந்தது. எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. அப்போது நண்பர்கள், நடுவில் கோபித்துக்கொண்டார்கள், இப்போது மறுபடி நண்பர்களாம். எனக்கு எதற்கு வம்பு?

அவர்கள் நம் மேல் பாசம் வைத்துத் தந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. அவர்களுக்கு ஆகாத இன்னொரு நாடு வடக்கே நமக்கு ஒரு தொழிற்சாலை கட்டிக் கொடுத்திருந்தது. அதற்குப் போட்டியாக இவர்கள் தெற்கே ஏதாவது கட்ட வேண்டியிருந்தது. உலக சபையில் நம் கை எந்தப் பக்கம் உயரும் என்பது அவர்கள் கவலை. நம் நெல் முளைப்பது நம் கவலை. இரண்டு கவலையும் சேர்ந்து ஒரு ஒப்பந்தமாக என் டைப்ரைட்டருக்கு வந்தது. அதில் தொழில்நுட்பம் கைமாறும் என்று பத்து இடத்தில் இருந்தது. பதினோராவது இடத்தில், வரைபடம் தரப்பட மாட்டாது, ஈய முத்திரையைப் பிரிக்கக் கூடாது, ஒரு திருகை மாற்றினாலும் உத்தரவாதம் ரத்து என்று இருந்தது. கைக்கு வந்தது சாவி மட்டும்தான்.

ஒப்பந்தத்தோடு நாற்பது கேள்விகள் உள்ள ஒரு படிவமும் வந்தது. எங்கள் பதிலை வைத்துத்தான் இயந்திரத்தைச் செய்வார்கள். பத்தொன்பதாவது கேள்வி, ஆலைக்கு வந்து சேரும்போது உங்கள் நெல்லின் ஈரம் எத்தனை சதம்? நான் ஈரமானியை எடுத்துக்கொண்டு நாலு களத்துக்குப் போய் அளந்து வந்து, இருபத்தாறு என்று அடித்தேன்.

மேலாளர் வைத்தியலிங்கம் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், யாரையும் அதட்ட மாட்டார், ஆடிட் என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் வியர்த்துவிடும்.

"என்ன கண்ணுசாமி, இருபத்தாறுன்னு போட்டிருக்க?"

"குறுவை நெல்லு அப்படித்தான் சார் வருது. நானே அளந்து பாத்தேன்."

"வருது. சரி. நாம வாங்குறமா? பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா வாங்கக் கூடாதுன்னு விதி. இருபத்தாறுன்னு எழுதிக் கொடுத்தா, அப்ப விதிய மீறித்தான் வாங்குறீங்களான்னு ஆடிட்ல கேப்பான். யாரு பதில் சொல்றது, நீயா?"

"ஈர நெல்லைக் காயவைக்கத்தானே சார் மிஷினே?"

"மொதல்ல மிஷின் வரட்டும்யா" என்று சொல்லி, சிவப்பு மையால் என் இருபத்தாறை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினார். நான் மறுபடி தட்டச்சு செய்தேன். மூன்று நகல்.

இயந்திரம் 1972-இல் லாரிகளில் வந்தது. அன்றைக்கு வாசலில் கொடி பிடித்துக்கொண்டு முப்பது பெண்கள் மறித்தார்கள். ஆலைக் களத்தில் நெல் காயவைத்து, கிளறி, வாரிப் பிழைத்தவர்கள். இயந்திரம் வந்தால் களத்து வேலை போய்விடும் என்று அவர்களுக்குச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். முன் வரிசையில் அமிர்தம். அவளுக்குப் பக்கத்தில் கொடிக்கம்போடு அவள் கொழுந்தன் பக்கிரி, காத்தானின் தம்பி. அவனுக்கும் இரண்டு மா குத்தகை உண்டு. "அன்னிய மிஷினே, திரும்பிப் போ" என்று அவன் போட்ட கோஷம் நன்னிலம் வரை கேட்டிருக்கும். போலீஸ் வந்தது, லாரி உள்ளே போனது.

திறப்பு விழாவைப் பங்குனியில் வைத்தார்கள். பங்குனி வெயிலில் நெல் எப்படி இருக்கும்? பதினாறில் உள்ளே போனது பதினாலில் வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த ஐப்பசியில்தான் குட்டு வெளிப்பட்டது. எட்டு நாள் விடாத மழை. அமிர்தத்தின் வண்டி முதலில் வந்தது, பதினெட்டு மூட்டை. பின்னால் ஏழெட்டு வண்டி. கங்காணி ஈரமானியை மூட்டைக்குள் செருகிப் பார்த்து, "இருபத்தாறு. எடுக்க முடியாது. காயவச்சிக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"காயவைக்கத்தான்யா இங்க வந்திருக்கேன். காஞ்ச நெல்லைக் காயவைக்க எதுக்குய்யா மிஷினு?"

மேலாளர் குடையோடு வந்தார். விதியைச் சொன்னார். அவள் மறுபடி அதையே கேட்டாள். அவர் விதியை இன்னும் மெதுவாகச் சொன்னார், அவளுக்குக் காது மந்தம் என்பது போல. எனக்கு அந்த இடத்திலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் இன்ஜினீயர் வந்தார். மிஷின் துரை என்று ஊரில் சொல்வார்கள். சிவந்த முகம், நீள மழைக்கோட்டு, தமிழில் 'சரி', 'பரவாயில்லை' என்று இரண்டே சொல். அவள் கேட்டதை நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஊர் நெல் இவ்வளவு ஈரமாகவா வரும்? எங்களுக்குப் பதினாறு என்றுதானே சொன்னார்கள்? யார் சொன்னது?" என்று கேட்டார்.

மேலாளர் மழையைப் பார்த்தார். கங்காணி என்னைப் பார்த்தான்.

துரை கணக்குப் போட்டார். இயந்திரம் ஒரு சுற்றுக்கு இரண்டு சதம் ஈரம் இழுக்கும். இருபத்தாறைப் பதினாலுக்குக் கொண்டுவர ஆறு சுற்று விட வேண்டும். ஆறு சுற்றுக்கு ஆறு மடங்கு டீசல். டீசல் எங்கே இருக்கிறது? அந்த மாதம்தான் எங்கோ மணல் காட்டில் சில தேசங்கள் சண்டை போட ஆரம்பித்து, எண்ணெய்க் கிணறு வைத்திருந்தவர்கள் குழாயை இறுக்கியிருந்தார்கள். எங்களுக்கு வர வேண்டிய டேங்கர் பத்து நாளாக வரவில்லை. ஆலைக்குப் பின்னால் உமி மலையாகக் குவிந்து கிடந்தது. நம் ஊரில் எந்த அடுப்பும் உமியில் எரியும். ஆனால் இந்த அடுப்பைத் தொட்டால் உத்தரவாதம் ரத்து, பதினோராவது இடம்.

"ஒரு பீப்பாய் இருக்கிறது" என்றார் துரை. எங்கள் பக்கம் கொடுத்த விவரத்தில் பிழை இருப்பதாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால், சரியான ஈரத்தில் ஒரு முறை சோதனை ஓட்டம் நடத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அதற்கென்றே முத்திரை வைத்த டீசல் பீப்பாய் ஒன்று கிடங்கில் இருந்தது. சோதனை நெல் விதிக்குள் வராது, எவ்வளவு ஈரமாகவும் இருக்கலாம். ஒரே முறை. ஒப்புதல் கடிதம் மட்டும் வேண்டும்.

மேலாளர் என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "என்னால எழுத முடியாது கண்ணுசாமி. எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிவப்பு மை பட்ட முதல் தாளைத் தேடினேன், கோப்பில் இல்லை. எங்கே போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அமிர்தம் ஒரு மூட்டையைப் பிரித்து, நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். களத்தில் இருபது வருஷம் அப்படித்தான் பதம் பார்த்திருக்கிறாள். கடித்ததைக் கையில் துப்பிப் பார்த்தாள். முளை கண்டிருந்தது போலிருக்கிறது. அவள் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். 'பத்தொன்பதாம் கேள்விக்குரிய பதிலில் இருபத்தாறு என்பதற்குப் பதினாறு என வந்தது என்னுடைய தட்டச்சுப் பிழை' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதினால்தான் உண்மை வெளியே வரும் என்ற நிலைமையை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த சங்கடம் உடனே வந்தது. நாற்பது மூட்டைக்குக் குறைந்தால் இயந்திரம் ஓடாது. கூடினாலும் ஓடாது. அமிர்தத்திடம் பதினெட்டுதான். பின்னால் நின்ற வண்டிகளைக் கூப்பிட்டோம். இரண்டாவதாக நின்றது பக்கிரியின் வண்டி. அமிர்தம் ஓடிப்போய், "பக்கிரி, ஓட்டுடா உள்ள" என்றாள்.

"போன வருசம் இந்த மிஷினைத் திரும்பிப் போன்னு கத்துனவன் நானு. இன்னிக்கு மொத ஆளா உள்ள நொழையச் சொல்றியா அண்ணி? நாலு பேரு சிரிக்க மாட்டான்?"

"நானுந்தான்டா கத்துனேன்."

"நீ பொம்பள. உன்னை யாரும் கேக்க மாட்டான்" என்று சொல்லி மாட்டைத் திருப்பி வண்டியைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினான். அவனுக்கு மானம் பெரிசு. பின்னால் இருந்த இரண்டு வண்டிகள் உள்ளே வந்தன, நாற்பது நிறைந்தது, கதவை மூடினார்கள்.

மூன்று பேர் நெல்லும் ஒன்றாகக் கலந்து போயிற்று. பிறகு எப்படிப் பிரிப்பீர்கள் என்று துரை கவலைப்பட்டார். களத்தில் கூலி நெல்லைப் பங்கு போடுகிறவர்களுக்கு இது ஒரு வேலையா? யார் எத்தனை மூட்டை கொட்டினார்கள் என்று அமிர்தம் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தாள். காய்ந்து வெளியே வந்ததும் கோட்டுக்கு ஏற்ற மாதிரி மரக்காலால் அளந்து மூன்று குவியல் வைத்தார்கள். ஒரு வார்த்தை சச்சரவு இல்லை. துரை நோட்டில் என்னென்னவோ குறித்துக்கொண்டார். வியாழன் காலை தொடங்கி வெள்ளி மாலை வரை ஆறு சுற்று. பீப்பாய் காலி. அமிர்தம் ஒரு நெல்லைக் கடித்தாள், 'டக்' என்று சத்தம் கேட்டது. துரை தன் கருவியைப் பார்த்துவிட்டுப் பதினாலு என்றார். "சரி" என்றாள் அவள், துரையின் தமிழிலேயே.

கார்த்திகை முதல் தேதி அவள் குத்தகை நெல்லை அளந்துவிட்டாள். இளையபெருமாள் மூன்று மரக்கால் திருப்பி அளக்கச் சொல்லியும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

பக்கிரியின் நெல் வண்டியிலேயே பச்சையாக முளைத்தது. அமிர்தம் தன் சாப்பாட்டு நெல்லில் இரண்டு மூட்டையை அவன் குத்தகைக்காகக் காரியஸ்தரிடம் கொண்டுபோய் அளந்தாள், போதவில்லை. பாக்கி பாக்கிதான் என்றார் இளையபெருமாள். தை மாதம் வழக்கு வந்தது. மறு வருஷம் அந்த இரண்டு மாவிலும் வேறு ஆள் நாற்று நட்டான். பக்கிரி பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கப் போய்விட்டான்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. பணிப் பதிவேட்டில் 'கவனக்குறைவான தட்டச்சுப் பிழை' என்று சிவப்பு மையிலேயே ஏறியது. விஷயம் பியூன் மூலம் அமிர்தத்துக்குத் தெரிந்தது. நன்றி சொல்ல வருவாள் என்று நினைத்தேன். வந்தாள், தெருவே கேட்கத் திட்டினாள்.

"ஒனக்கு என்ன கிறுக்காடா? தெருவுக்கே ஒரே ஒரு சர்க்கார் உத்தியோகம். எவனோ அடிச்ச கோட்டுக்கு நீ போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்க. என் நெலத்துக்காக உன் வேலை போயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க அம்மாளப் பாப்பேன்?"

"போகலியே அக்கா."

"போயிருந்தா?" என்றவள் அழுதுவிட்டாள்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஆறு சுற்றுக் கணக்கை வைத்து அந்தக் கம்பெனி ஈர நெல்லுக்கென்றே ஒரு புது மாடல் செய்தது. விளம்பரத் தாள் எங்களுக்கே வந்தது. வழவழவென்று இருந்தது. அதில் எங்கள் ஊர் பெயர் இல்லை, அமிர்தம் பெயர் இல்லை, எங்கள் நெல்லை 'மாதிரி எண் 1' என்று மட்டும் குறித்திருந்தார்கள். தொழில்நுட்பம் கைமாறியது உண்மைதான், இங்கிருந்து அங்கே போயிருந்தது. அதை வாங்கலாம் என்றால் அதற்குள் அந்த நாட்டுக்கும் நமக்கும் மனஸ்தாபம். துரையைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். முத்திரை மட்டும் இயந்திரத்தில் அப்படியே இருந்தது.

1975 ஆனியில், அவர்களுக்கு ஆகாத அந்த இன்னொரு நாடு, தன் இயந்திரம் இதைவிட மேல் என்று சொல்லிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு படிவம். இந்தத் தடவை பன்னிரண்டாவது கேள்வி. ஆலைக்கு வந்து சேரும்போது உங்கள் நெல்லின் ஈரம் எத்தனை சதம்?

அன்றைக்கு அமிர்தம் என் மேஜைக்கு எதிரே நின்றிருந்தாள். பக்கிரிக்காகத் தாசில்தாருக்கு ஒரு மனு அடித்துத் தரச் சொல்லி வந்திருந்தாள். நான் கேள்வியைப் படித்துச் சொன்னேன்.

"மறுபடியும் அதையேவா கேக்குறான்?" என்றாள்.

நான் இருபத்தாறு என்று அடித்து மேலாளரிடம் கொண்டுபோனேன். வைத்தியலிங்கம் படித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். விதி இன்னும் பதினேழில்தான் நின்றுகொண்டிருந்தது.

"சார், அடிக்காதீங்க" என்றேன். "யாராச்சும் கேட்டா, தட்டச்சுப் பிழைன்னு சொல்லிடுங்க. என் பதிவேட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ரெண்டா இருந்துட்டுப் போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். கதவோரம் வந்து நின்ற அமிர்தத்தையும் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பக்கிரியின் மனுவுக்குப் புதுத் தாள் செருகினேன். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண் எல்லாம் அடித்தாயிற்று. குத்தகை அளக்கத் தவறிய காரணம் என்ற இடத்தில் நிறுத்தி, என்ன போடுவது என்று கேட்டேன்.

"நெல்லு ஈரம்னு போடு" என்றாள் அமிர்தம். "எத்தனைன்னும் போடு."